கேள்வி கேட்ட முதியவரும் கேளாத கட்சியும்

வாக்குக் கேட்டு வந்த ஒருவர், வாக்கைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்து, எனக்கு வாக்களிக்க முடியாதபடி உமக்கு வயது போய்விட்டது என்று சொல்வாரா? சொன்னார். சொன்னவர் அரசியலுக்குப் புதியவருமல்லர். 36 ஆண்டுகள் அமெரிக்கச் செனட் சபையில் அமர்ந்திருந்தவர். 8 ஆண்டுகள் அந்நாட்டின் உப ஜனாதிபதியாக இருந்தவர். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் 83 வயதான, ஓய்வு பெற்ற ஒரு கமக்காரர்.

இது நடந்தது 2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆம் திகதி, சோளமும் சோயா அவரையும் விளையும் அயோவா மாநிலத்தில், நியூ ஹம்ப்டன் என்னும் சிற்றூரில். ஜோ பைடன் அவர்கள் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராகத் தம்மைத் தெரிவு செய்யும்படி கேட்டு, பஸ் வண்டியொன்றில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த காலம் அது. வண்டியின் பக்கத்தில் "நோ மலார்க்கி" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். பிதற்றல் வேண்டாம் என்பது அதன் பொருள். மலார்க்கி என்பது பாட்டன்மார் காலத்துச் சொல். இளைஞர்கள் அதை வாயில் வைப்பதில்லை. வயது போன வாக்காளரின் மனத்தைத் தொடுவதற்கென்றே அச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது போலும்!

அந்த அழைப்பை உண்மையென்று நம்பிய முதியவர் கூட்டத்தில் எழுந்தார். இரண்டு விடயங்களைச் சொன்னார். ஜனாதிபதிப் பதவிக்கு உமக்கு வயது அதிகம் என்பது ஒன்று. உமது மகனை உக்ரேன் நாட்டு எரிவாயுக் கம்பனிக்கு நீரே அனுப்பி, அனுபவமில்லாத அவருக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தீர் என்பது மற்றொன்று.

பைடன் அவர்கள் கொதித்தெழுந்தார். முதியவரைப் பொய்யர் என்றார். என்னோடு தண்டால் எடுக்க வாரும், ஓடிப் பார்ப்போம், புத்திக்கூர்மைப் பரீட்சை எழுதிப் பார்ப்போம் என்று சவால் விட்டார். பெரும்பாலானோருக்குத் தெரியாதவை எனக்குத் தெரியும் என்றார். உமக்கு வாக்களிக்கமாட்டேன் என்று முதியவர் சொன்னபோதுதான், எனக்கு வாக்களிக்க முடியாதபடி உமக்கு வயது போய்விட்டது என்ற அந்தச் சொல் பிறந்தது. அப்போது பைடன் அவர்களின் வயது 77.

இந்தச் சிறு சம்பவத்தை இத்தனை ஆண்டுகள் கழித்து ஏன் கிளற வேண்டும் என வாசகர் கேட்கலாம். ஒரு பெருங்கட்சி பின்னாளில் அடைந்த வீழ்ச்சியின் வேர் அந்த ஊரின் கூட்டத்தில் ஏற்கெனவே தெரிந்தது என்பதே என் வாதம்.

வேட்டியைக் கட்டுமுன் அழுக்குப் பார்க்கும் தேர்தல்

எங்கள் நாட்டில் கட்சியின் அபேட்சகர் யாரென்பதை மத்திய குழு தீர்மானிக்கிறது. நியமனப் பத்திரம் தாக்கலாகும் வரை வாக்காளருக்கு அதில் பேச்சில்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்த பின், பட்டியலில் உள்ளோருள் எவரை விரும்புகிறோம் என்பதை விருப்பு வாக்கால் காட்டும் உரிமை மட்டும் கிடைத்திருக்கிறது. அமெரிக்கரோ ஒரு படி முன்னே போய், கட்சியின் அபேட்சகரையே கட்சிக்கு வாக்களிக்கும் பொதுமக்கள் தெரிந்தெடுக்கும் முறையை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். அயோவாவில் அயலவர் கூடியமர்ந்து தெரிவு செய்யும் கூட்டமாக அது நடந்து வந்தது. அதைக் கோக்கஸ் என்பர். 1972 முதல் 2020 வரை ஜனநாயகக் கட்சியில் அந்த வரிசையின் முதலிடம் அயோவாவுக்கே இருந்தது. பிரைமரிகளுள் முதலாவது நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தினது.

இம்முறையின் பயன் யாது? எதிர்க்கட்சிக்காரன் நாளை சந்தியில் நின்று உரத்துக் கேட்கப் போகும் கேள்வியை, இன்று நம்முடைய ஆளே நம் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறான். வெளியே புறப்படுமுன் வேட்டியில் உள்ள அழுக்கை வீட்டுக்காரர் காட்டுவது போன்றது அது. காட்டியவரை வைதுவிட்டு அதே வேட்டியோடு சபைக்குப் போகிறவனுக்கு என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறான தேர்தல்களுக்கு இளைஞரைவிட முதியோரே தவறாமல் வந்து வாக்களிக்கிறார்கள். பைடன் அவர்களின் பெருந்துணையும் முதியோரே. அப்படியிருக்க, அவர்களுள் ஒருவரை இப்படி இழிவாகப் பேசியது எதனால்?

நம்முடையவர்கள் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிட்டதனால்தான்! கையில் இருக்கும் வாக்கிடம் பணிவு காட்ட வேண்டியதில்லை என்பது தலைமைப்பீடங்களின் எழுதாத சட்டம். 2019 ஆகஸ்டில் நியூ ஹம்ப்ஷயரில் பைடன் அவர்களின் துணைவியார் வாக்காளரிடம் சொன்னதை நினைவுகூர்க: சுகாதாரம் போன்ற விடயங்களில் உங்களுக்குப் பிடித்த வேறொருவர் என் கணவரிலும் மேலானவராக இருக்கலாம், ஆயினும் வெல்லக்கூடியவர் யாரென்று பாருங்கள், சற்று விழுங்கிக்கொண்டாவது அவருக்கு வாக்களியுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பது போல அபேட்சகரை வாக்காளருக்குக் கொடுக்கிறார்கள். 2020 ஜனவரியில் அயோவாவில், எரிபொருட் குழாய்த் திட்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்ட முன்னாள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்குப் பைடன் அவர்கள் கொடுத்த மறுமொழி இன்னும் சுருக்கமானது: போய் வேறு யாருக்காவது வாக்களியும்!

சாட்சிக் கூண்டில் ஒரு கமக்காரர்

நியூ ஹம்ப்டன் முதியவர் சொன்ன அனைத்தும் உண்மையென்று நான் வாதிட வரவில்லை. மகன் 2014ஆம் ஆண்டு முதல் 2019 வரை உக்ரேனிய எரிவாயுக் கம்பனியொன்றின் பணிப்பாளர் சபையில் இருந்தது உண்மை. அதன் முற்பகுதியில் தந்தையார் உப ஜனாதிபதியாக இருந்து உக்ரேன் விவகாரத்தைக் கவனித்ததும் உண்மை. ஆனால், தந்தையார்தான் அந்த உத்தியோகத்தை வாங்கிக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரமில்லை. அவ்வளவில் முதியவரின் கூற்றுத் தவறு. செய்யாத குற்றத்தைச் சபையில் கேட்ட தந்தைக்குக் கோபம் வருவதும் இயல்பே.

எனினும், என் தொழில் எனக்குக் கற்பித்த ஒன்றைச் சொல்கிறேன். காணிப் பங்கு வழக்குகளில் எத்தனையோ வயோதிபக் கமக்காரரைச் சாட்சிக் கூண்டில் பார்த்திருக்கிறேன். உறுதி எழுதிய ஆண்டைக் கேட்டால் பத்து ஆண்டு முன்பின்னாகச் சொல்வார்கள். உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரையும் மாற்றிச் சொல்வார்கள். இளம் அப்புக்காத்துமார் அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் என் தொடக்க காலத்தில் சிரித்தவன்தான். ஆனால், வேலி எங்கே இருந்தது, வாய்க்கால் எவ்வழியே ஓடியது, எல்லைப் பனை எந்த மூலையில் நின்றது என்று கேட்டால், அந்தக் கிழவர் சொன்னதற்கும் நில அளவையாளரின் படத்துக்கும் முழ வித்தியாசமும் இராது. அனுபவமுள்ள நீதிபதி சாட்சியை மொத்தமாகத் தள்ளுவதில்லை. தவறியதைத் தவறென்று குறித்துவிட்டு, அவர் கண்ணால் கண்டு அறிந்ததை ஏற்றுக்கொள்கிறார்.

நியூ ஹம்ப்டன் முதியவர் உக்ரேனைக் கண்டவரல்லர். முதுமையைக் கண்டவர். எழுபத்தேழிலிருந்து எண்பத்து மூன்றுக்கு நடந்து வந்த பாதை எப்படிப்பட்டது என்பதை, அந்தச் சபையில் அவரைவிட அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மழையைப் பற்றிக் கமக்காரன் பேசும்போது கேட்டுக்கொள்ளும் நாம், முதுமையைப் பற்றி முதியவன் பேசும்போது ஏன் கேட்க மறுக்கிறோம்? நான்காண்டுப் பதவி முடியும்போது பைடன் அவர்களின் வயது 82 ஆகும். இரண்டாந் தடவையும் இருந்தால் 86. அந்தக் கணக்குக்கு நிதானமான விடையொன்று கொடுத்திருக்கலாம். ஒரே தவணையோடு நிறுத்துவேன் என்று சொல்லியிருக்கலாம். அல்லது என் உடல்நிலை பற்றிய வைத்திய அறிக்கை இதோ என்று நீட்டியிருக்கலாம். தண்டால் சவால் அந்தக் கேள்விக்கு விடையாகாது.

முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம்

ஒரு நாள் கோபம் என்று இதை மன்னித்துவிடலாமென்றால், ஏடு இடங்கொடுக்கவில்லை. 1987 ஏப்ரலில், முதன்முறையாக ஜனாதிபதிப் பதவிக்கு முயன்றபோது, நியூ ஹம்ப்ஷயரின் கிளேர்மொன்ற் நகரில் ஒரு வாக்காளர் அவருடைய சட்டக் கல்லூரிப் பெறுபேற்றைப் பற்றிக் கேட்டார். உம்மைவிட எனக்குப் புத்திக்கூர்மை அதிகம் என்று அன்றும் பதில் வந்தது. படிப்புக்கு முழுப் புலமைப்பரிசில் பெற்றதாகவும், வகுப்பின் மேற்பாதியில் தேறியதாகவும் சொன்னார். வகுப்பிலே 85 பேர். அவர் பெற்ற இடம் 76 என்பது பின்னர் வெளியாயிற்று. பிறருடைய பேச்சை எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டும் இதுவும் சேர்ந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் அவரைப் போட்டியிலிருந்து விலக வைத்தன. புத்திக்கூர்மையைக் காட்டிக் கேள்வியை அடக்க முயன்ற மனிதர் கேள்வியாலேயே வீழ்ந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே சவால் அதே வாயிலிருந்து வந்ததைக் காணும்போது, அதைக் கணநேரக் கோபமென்று கொள்வது எப்படி?

இன்னும் பின்னே செல்வோம். 1972இல் டெலவெயர் மாநிலத்தில் செனட் சபைக்கு முதன்முறை போட்டியிட்டபோது பைடன் அவர்களின் வயது 29. எதிரே நின்றவர் 63 வயதான கலெப் பொக்ஸ், அம்மாநிலத்தின் மதிப்புமிக்க செனட்டர். அவருடைய தலைமுறை வேறு, எங்கள் தலைமுறை வேறு என்பதே இளைஞர் பைடனின் பிரசாரத்தின் உயிர்நாடி. சுமார் 3,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒருவன் தான் முன்பு எடுத்த நிலைப்பாட்டால் பயன் பெற்றுவிட்டு, பின்பு அதையே மறுத்துரைக்கச் சட்டம் இடங்கொடாது. 63 வயதானவரைப் பழைய தலைமுறை என்று சுட்டி வென்றவர், 77 வயதில் தம் வயதைப் பற்றிக் கேட்டவரைச் சீறுவது எந்த நியாயம்?

மரியாதை கிடைத்த இடத்தில் மகுடம் கிடைத்தது

அயோவாவில் 2020 பெப்ரவரி 3ஆம் திகதி பைடன் அவர்களுக்குக் கிடைத்தது நான்காம் இடம். எட்டு நாள் கழித்து நியூ ஹம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். அயோவாவிலும் முதியோர் அவரைக் கைவிட்டுவிடவில்லை. கமக்காரர் ஒருவரை வைததனால்தான் தோற்றார் என்று சொல்வது நேர்மையாகாது. ஆயினும், அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தென் கரோலைனா மாநிலத்தின் கறுப்பின முதியோர் அவர்கள். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்றிருந்த காலத்தில் பிறந்தவர்கள். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு, தெற்கு மாநிலங்களில் தம் இனத்தார் வாக்குச் சாவடியிலிருந்து விரட்டப்பட்டதை அறிந்தவர்கள். அம்மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபேர்ன், அப்போது 79 வயதானவர், ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். தேவாலயமொன்றில் மரணச் சடங்குக்குச் சென்றிருந்தபோது, முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் அவரைக் கையசைத்து அழைத்து, யாருக்கு வாக்களிக்கப் போகிறீர் என்று காதோடு கேட்டாராம். பெயரைக் காதோடு சொன்னதும், ஊர் இதை உம் வாயால் கேட்க வேண்டும் என்றாராம் அந்த அம்மையார். கிளைபேர்ன் அதைத் தட்டவில்லை. பெப்ரவரி 26ஆம் திகதி பகிரங்கமாகப் பைடனை ஆதரித்தார். 29ஆம் திகதி தென் கரோலைனாவில் ஏறத்தாழப் பாதி வாக்குகள் பைடனுக்குக் கிடைத்தன. மூன்று நாள் கழித்து 14 மாநிலங்களில் 10ஐ வென்றார்.

அந்த மூதாட்டியும் கேள்விதான் கேட்டார். ஆனால், கேட்கப்பட்டவர் பணிவோடு நின்று பதில் சொன்னார். பைடன் அவர்களின் ஜனாதிபதிப் பதவி ஒரு முதியவளின் கேள்வியை மதித்ததால் வந்தது என்று சொன்னாலும் மிகையாகாது. இந்தக் கடனை அவர் கட்சி எப்படித் தீர்த்தது?

அர்த்தமற்ற தேர்தல் என்றார்கள்

2023 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் நோர்க் ஆய்வு நிலையமும் எடுத்த கருத்துக் கணிப்பில், இன்னும் நான்காண்டு ஆள்வதற்குப் பைடன் அவர்களுக்கு வயது அதிகம் என்றோர் நூற்றுக்கு 77 பேர். அவருடைய கட்சிக்காரருள்ளேயே நூற்றுக்கு 69 பேர் அவ்வாறு சொன்னார்கள். நியூ ஹம்ப்டன் முதியவர் இப்போது தனி மனிதரல்லர். கட்சியின் பெரும்பான்மையே அவர் பின்னால் வந்து நின்றுவிட்டது.

தலைமைப்பீடம் என்ன செய்தது? புளோரிடா மாநிலத்தில் கட்சி பைடனின் பெயர் ஒன்றை மட்டுமே அனுப்பியது. ஆகவே அங்கு ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதிப் பிரைமரி நடக்கவேயில்லை. நியூ ஹம்ப்ஷயர் தன் சட்டப்படி முதலாவதாகத் தேர்தல் வைக்க முனைந்தபோது, அத்தேர்தல் அர்த்தமற்றது என்று மக்களுக்கு எடுத்துரைக்குமாறு கட்சியின் தேசியக் குழுவிலிருந்து கடிதம் போயிற்று. வாக்காளரை வாக்களிக்க விடாமல் தடுப்பதற்கு எதிரான சட்டத்தை மீறும் கூற்று இது, உடனே நிறுத்துக என்று அம்மாநிலச் சட்டமா அதிபரின் அலுவலகம் 2024 ஜனவரியில் கட்டளை அனுப்பியது. தேர்தலை அர்த்தமற்றதென்று சொல்லும் துணிவு, ஜனநாயகத்தைப் பெயரிலேயே தாங்கிய கட்சிக்கு எங்கிருந்து வந்தது! வாக்காளர் அந்த அவமானத்தையும் பொறுத்து, வாக்குச் சீட்டில் இல்லாத பைடனின் பெயரைத் தம் கையால் எழுதி அவரையே வெல்ல வைத்தனர்.

அட்லாண்டா நகரில் 2024 ஜூன் 27ஆம் திகதி நடந்த விவாதத்தை உலகமே பார்த்தது. தொடங்கிய வாக்கியத்தை முடிக்க இயலாமல் ஜனாதிபதி தடுமாறினார். ஜூலை 8ஆம் திகதி அவர் தம் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில், பிரைமரிகளில் தமக்குக் கிடைத்த 140 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைச் சுட்டிக்காட்டி, அபேட்சகரைத் தீர்மானிக்கும் உரிமை வாக்காளருக்கே உண்டென வாதிட்டார். நல்ல வாதம், காலங்கடந்த வாதம். அந்த வாக்காளருக்கு உண்மையான தெரிவைக் கொடுக்க மறுத்த பின் அவர்கள் பெயரால் வழக்காடினால் எந்த மன்று ஏற்கும்? ஜூலை 21ஆம் திகதி விலகினார். பிரைமரியில் ஒருவரும் வாக்களித்திராத ஜனாதிபதி வேட்பாளராக உப ஜனாதிபதி கமலா ஹரிஸ் அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்டார். நவம்பரில் கட்சி தோற்றது.

எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா?

இந்தக் காலம் முழுவதும் கட்சிப் பிரமுகர்கள் சொல்லி வந்த சமாதானம் ஒன்று உண்டு. வயதைப் பற்றி நாமே பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவர்களாவோம் என்பதே அது. கட்சி வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு கட்சியின் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த வாதம் எழும். எழுந்தவுடன் சபை அடங்கிவிடும். ஆனால், எதிரியின் கண் என்ன குருடா? நாம் மறைத்தது அவனுக்குத் தெரியாதா? அவன் அறியாத ஒன்றையும் நியூ ஹம்ப்டன் முதியவர் சொல்லிவிடவில்லை. மறைத்ததால் இருட்டில் நின்றது சொந்தக் கட்சியே.

வயதுதான் தோல்விக்குக் காரணம் என்பதும் முழு உண்மையாகாது. 2024இல் வென்ற டொனால்ட் ட்ரம்ப் அவர்களுக்குத் தேர்தலன்று வயது 78. 2020இல் தெரிவான பைடனைவிட அவர் மூத்தவர். அமெரிக்க வாக்காளர் முதுமையை வெறுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தாம் கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்லுமாறு கேட்கப்பட்டதையே அவர்கள் பொறுக்கவில்லை. முதியோருக்கு அந்த அவமானம் இருமடங்கு. அவர்கள் அறிவைக் கேட்காமல் அவர்கள் வாக்கை மட்டும் கேட்டார்கள் அல்லவா?

வாக்களிப்பவன் நீதிபதி, அபேட்சகன் மனுதாரன். நீதிபதி கேள்வி கேட்கும்போது, உமக்கு என்ன தெரியும் என்று சீறுகிற வழக்கறிஞன் தன் கட்சிக்காரனின் வழக்கைத் தோற்கடிக்கிறான். கேள்வியில் பிழை இருந்தால், கனம் நீதிபதி அவர்களே, அந்த விடயம் இப்படி என்று பணிவோடு எடுத்துரைக்க வேண்டும். அதுவே முறை; அதுவே புத்தியும்கூட.

இந்த ஏட்டை வாசிக்கும் கமக்காரருக்கும் உத்தியோகத்தருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்து அமைகிறேன். உங்கள் ஊரிலும் தேர்தல் கூட்டம் நடக்கும். பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்து, மேடையில் இருப்பவருக்குப் பிடிக்காத கேள்வியொன்றைக் கேட்பார். பாதி சரியாக இருக்கும். பாதி பிழையாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து, இரும் அப்பு, பிறகு பேசலாம் என்பார்கள். தயவு செய்து இழுக்காதீர்கள். அவர் கேட்டு முடிக்கட்டும். மேடையில் இருப்பவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அவருக்கு வாக்களிக்கலாமா என்பதை அந்தப் பதிலைக் கொண்டே தீர்மானித்துக் கொள்ளலாம்.